கடினமான ஓர் ஆண்டுக்குப் பிறகு, அட்வெந்துக்கு வாசித்த புத்தகங்கள்

கிறிஸ்துமஸுக்கு முன் காத்திருக்கும் காலமான அட்வெந்து நாட்களில் என்ன வாசிக்கலாம் என்று யாரிடம் கேட்டாலும் கிடைக்கிற பதில் பெரும்பாலும் நல்லபடியாக ஒரு வருடத்தை முடித்தவர்களுக்கானது. மினுமினுக்கும் அட்டை, மெழுகுவர்த்திப் படம், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம், பக்கத்தின் கடைசியில் ஒரு புன்னகை. இந்த ஆண்டு எனக்கு அது எதுவும் ஒட்டவில்லை. அம்மா இறந்துபோனார், அதற்கு முன் நீண்ட நோய், அந்த நோயின் நடுவிலேயே வேலையும் போனது. இதற்கு மேல் அதைப் பற்றி விரிவாகச் சொல்லப் போவதில்லை, ஆனால் இந்த மதிப்புரை எந்த நிலையில் இருந்து எழுதப்படுகிறது என்று தெரிந்தால்தான் நான் சில புத்தகங்களை ஏன் இவ்வளவு இறுகப் பிடித்துக்கொண்டேன், சிலவற்றை ஏன் பாதியில் மூடிவைத்தேன் என்பது புரியும். துக்கத்தில் இருக்கிற ஒருவருக்கு இந்த டிசம்பரில் புத்தகம் வாங்கிக் கொடுக்க நினைப்பவர்களுக்கும் இது உதவலாம்.

முதலில் மூடிவைத்தவை. நாளுக்கொரு பக்கம் என்று அச்சிடப்படும் அட்வெந்து தியானப் புத்தகங்களைத்தான் சொல்கிறேன். பெயர் சொல்லத் தேவையில்லை, ஒன்றிரண்டைப் பார்த்தாலே மற்றவற்றின் அமைப்பு தெரிந்துவிடும். ஒரு வசனம், ஒரு சின்னக் கதை, ஒரு பாடம், ஒரு ஜெபம். எழுதியவர்கள் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை, நல்ல வருடங்களில் நானும் அவற்றால் பயன் பெற்றிருக்கிறேன். சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு பக்கமும் தன் கேள்விக்கான பதிலை அதே பக்கத்தின் அடியிலேயே வைத்திருக்கிறது. இழப்பு என்று தொடங்கினால் ஆறாவது வரியில் நன்றி வந்துவிடும். வாசிக்கிறவர் அங்கே போய்ச் சேரவில்லை என்றால், புத்தகம் அவரை விட்டுவிட்டு மறுநாளுக்குப் போய்விடுகிறது. அப்புறம் இந்தத் தேதி விஷயம். தூக்கமில்லாத இரவுக்குப் பிறகு இரண்டு நாள் விட்டுப்போனால் மூன்றாவது நாள் புத்தகத்தைத் திறக்கவே தயக்கமாகிறது, ஏற்கெனவே செய்ய முடியாமல் போன காரியங்களின் பட்டியலில் அதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறது.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், அட்வெந்து காலமே இப்படி அவசரப்படுகிற ஒன்று கிடையாது. நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறில் தொடங்கி கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை வரை, நான்கு ஞாயிறுகள், வருடத்தைப் பொறுத்து 22 முதல் 28 நாட்கள். வழிபாட்டு ஆண்டு இங்கேதான் தொடங்குகிறது, ஆனால் ஊதா நிறத்தில், மனந்திரும்புதலின் நிறத்தில் தொடங்குகிறது. முதல் ஞாயிறின் வாசகங்களில் குழந்தையும் இல்லை, முன்னணையும் இல்லை, உலகத்தின் முடிவையும் விழித்திருக்க வேண்டியதையும் பற்றித்தான் அவை பேசுகின்றன. அடுத்து வனாந்தரத்தில் நின்று கூப்பிடுகிற யோவான் ஸ்நானன் வருகிறார். மரியாளுக்கு வரவே கடைசி ஞாயிறு ஆகிவிடும். சபையின் நாட்காட்டியை வகுத்தவர்கள் மனிதனுக்கு இருட்டில் நிற்க நேரம் வேண்டும் என்று நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். ஆகவே இந்த ஆண்டு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: காத்திருப்பு முடிவதற்கு முன்பே, அதற்குள் இருந்தபடியே எழுதப்பட்ட புத்தகமா இது? ஆம் என்றால் வாசித்தேன்.

அந்த அளவுகோலில் முதலில் நிற்பது டீட்ரிக் போன்ஹோஃபரின் சிறைக் கடிதங்கள். ஆங்கிலத்தில் 'லெட்டர்ஸ் அண்ட் பேப்பர்ஸ் ஃப்ரம் பிரிசன்'. ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் லூத்தரன் போதகர், 1943 ஏப்ரல் 5 அன்று கைது செய்யப்பட்டு பெர்லினின் டேகல் ராணுவச் சிறையில் அடைக்கப்பட்டவர், 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டவர். இந்தப் புத்தகத்தை அவர் எழுதவே இல்லை என்று சொல்ல வேண்டும், அவர் எழுதியது பெற்றோருக்கும் நண்பருக்கும் கடிதங்கள் மட்டும்தான். நண்பர் எபர்ஹார்ட் பெத்கே அவற்றைத் தொகுத்து 1951-ல் ஜெர்மனில் வெளியிட்டார். அதனால்தான் இதில் போதகரின் குரலைவிட ஒரு மகனின், நண்பனின், திருமணம் நிச்சயமாகி சில மாதங்களிலேயே பிரிக்கப்பட்ட ஒருவனின் குரல் அதிகமாகக் கேட்கிறது. துணி வேண்டும், புத்தகம் அனுப்புங்கள், நேற்றிரவு குண்டு விழுந்தது, எல்லோரும் பத்திரமா என்று கேட்டுக்கொண்டே வருகிறவர் திடீரென்று ஒரு வரியில் உங்களை நிறுத்திவிடுவார்.

1943 நவம்பர் 21-ந் தேதி பெத்கேவுக்கு எழுதும்போது, சிறை அறை வாழ்க்கை அட்வெந்துக்கு ஒரு நல்ல படம்தான் என்கிறார். உள்ளே காத்திருக்கிறோம், நம்புகிறோம், முக்கியமில்லாத ஏதேதோ வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறோம், ஆனால் கதவு வெளியிலிருந்துதான் திறக்கப்பட வேண்டும். நோயாளியின் அருகில் நாட்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த 'ஏதேதோ வேலைகள்' என்னவென்று உடனே தெரியும். போர்வையைச் சரி செய்வோம், தண்ணீர் வைப்போம், அதே அறிக்கையை மறுபடி வாசிப்போம், உண்மையில் எதுவும் நம் கையில் இருக்காது. அந்த இயலாமைக்கு அட்வெந்து என்று ஒருவர் பெயர் வைக்க முடியும், அதுவும் சிறைக்குள் இருந்துகொண்டு வைக்க முடியும் என்பது எனக்கு எந்தப் பிரசங்கமும் தராத ஆறுதலைத் தந்தது.

ஒரு வாரம் கழித்து, அட்வெந்து முதல் ஞாயிறன்று பெற்றோருக்கு எழுதுகிறார். ஆல்ட்டோர்ஃபர் என்ற ஓவியரின் கிறிஸ்து பிறப்பு ஓவியம் ஞாபகத்துக்கு வருகிறதாம், இடிந்து கிடக்கிற ஒரு வீட்டுக்குள் மரியாளும் யோசேப்பும் குழந்தையும் இருக்கிற படம். நானூறு ஆண்டுகளுக்கு முன்பே எப்படி இப்படி வரையத் தோன்றியது என்று வியக்கிறார். பெர்லின் குண்டுகளில் இடிந்துகொண்டிருந்த வாரங்கள் அவை. டிசம்பர் 17-ந் தேதிக் கடிதத்தில், சிறையில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது ஒரு கிறிஸ்தவனுக்கு அப்படியொன்றும் கடினமில்லை, பண்டிகையின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிற இடங்களைவிட இங்கே அது உண்மையாகவே இருக்கும் என்று பெற்றோரைத் தேற்றுகிறார். பெற்றோரைத் தேற்றுவதற்காகச் சொன்னது என்று எடுத்துக்கொள்ளலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

புத்தகம் முழுவதிலும் ஒரே ஒரு கடிதத்தை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் 1943 டிசம்பர் 24 அன்று எழுதியதை வாசியுங்கள். பெத்கேவுக்கும், அவர் மணந்துகொண்ட, போன்ஹோஃபரின் சகோதரி மகளான ரெனாத்தேவுக்கும் எழுதியது. திருமணமாகி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை, பெத்கே போர்முனைக்குப் போக வேண்டிய நிலை. பிரிவைப் பற்றி அவர்களுக்குச் சொல்லும்போது போன்ஹோஃபர் சொல்கிறார்: நாம் நேசிக்கிற ஒருவர் இல்லாத இடத்தை எதுவும் ஈடுசெய்ய முடியாது, ஈடுசெய்யத் தேடவும் கூடாது, பொறுத்துக்கொண்டு கடக்கத்தான் வேண்டும். கடவுள் அந்த வெற்றிடத்தை நிரப்புகிறார் என்று சொல்வது தவறு. அவர் அதை நிரப்புவதில்லை, வெறுமையாகவே வைத்திருக்கிறார், அதனாலேயே நமக்குள் இருந்த உறவு வலியோடு என்றாலும் உயிரோடு இருக்கிறது.

துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது இதற்கு நேர் எதிரானது. 'கர்த்தர் அந்த இடத்தை நிரப்புவார்' என்று கையைப் பிடித்துக்கொண்டு அன்போடுதான் சொல்கிறார்கள். அது நிரம்பவில்லை என்று தெரியும்போது, அப்படியானால் என் விசுவாசத்தில்தான் ஏதோ குறையோ என்று இரவில் யோசனை ஓடும். நிரம்பாமல் இருப்பதே கடவுள் காக்கிற ஒன்று என்று ஒரு போதகர், அதுவும் தன் மரணத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒருவர் எழுதி வைத்திருப்பது எனக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லத் தெரியவில்லை. அதே கடிதத்தில் இன்னொன்றும் உண்டு. நினைவுகள் எவ்வளவு அழகோ பிரிவும் அவ்வளவு கடினம், ஆனால் நன்றியுணர்வு அந்த வலியை அமைதியான மகிழ்ச்சியாக மாற்றும், ஆனால் நினைவுகளிலேயே புரண்டுகொண்டிருக்க வேண்டாம், விலையுயர்ந்த பரிசை எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்க மாட்டோம், அதற்கென்று உள்ள நேரங்களில்தான் எடுத்துப் பார்ப்போம் என்கிறார். அம்மாவின் கையெழுத்து உள்ள காகிதங்களை ஒரு பெட்டியில் போட்டு மேலே வைக்க எனக்குத் தைரியம் கொடுத்தது இந்த வரிகள்தான்.

குறை சொல்லாமல் விடக்கூடாது. 1944 ஏப்ரல் இறுதியிலிருந்து கடிதங்களின் போக்கு மாறுகிறது. மதமில்லாத கிறிஸ்தவம் என்றால் என்ன என்று பெத்கேவுடன் நீண்ட இறையியல் விவாதம் தொடங்குகிறது. அது முக்கியமான பகுதிதான், பின்னால் வந்த இறையியலாளர்கள் இவரை அதிகம் பேசியது அதற்காகத்தான். ஆனால் துக்கத்தில் இருக்கிற மூளைக்கு அது ஏறாது. தயங்காமல் தாண்டி, 1944 டிசம்பரில் எழுதிய புத்தாண்டுக் கவிதைக்குப் போய்விடுங்கள். நன்மையின் வல்லமைகள் நம்மைச் சூழ்ந்திருக்கின்றன என்று, நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் நிலவறையில் இருந்துகொண்டு தான் மணக்கவிருந்த மரியாவுக்கு அனுப்பியது. அப்புறம், அடிக்குறிப்புகள் நிறைந்த ஆய்வுப் பதிப்பு ஒன்றும் இருக்கிறது, படுக்கையில் சாய்ந்துகொண்டு வாசிக்க முடியாத அளவுக்கு அது கனமானது. சிறிய பதிப்பே போதும்.

இதே டேகல் சிறையில், ஓராண்டு தள்ளி, இன்னொருவர் அட்வெந்தைப் பற்றி எழுதினார். ஆல்ஃபிரட் டெல்ப், இயேசு சபைக் குரு. 1944 ஜூலை இறுதியில் கைதானவர். கையில் விலங்கோடு, கிடைத்த காகிதங்களில் எழுதி, அழுக்குத் துணிகளோடு சேர்த்து வெளியே கடத்தப்பட்ட தியானங்கள் இவருடையவை. அட்வெந்து ஞாயிறுகள் ஒவ்வொன்றுக்கும் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் சிறைத் தியானங்கள் என்ற பெயரிலும், அட்வெந்துப் பகுதிகளை மட்டும் தனியாகத் தொகுத்தும் கிடைக்கிறது.

இவர் ஆறுதல் சொல்கிற ஆள் கிடையாது, அதை முதலிலேயே தெரிந்துகொண்டு திறப்பது நல்லது. அட்வெந்து என்றால் மனிதன் அடியோடு உலுக்கப்பட்டு விழித்துக்கொள்ள வேண்டிய காலம் என்பதுதான் அவருடைய தொடக்கம். நாம் உறுதி என்று நினைத்தவை எல்லாம் ஆடிப்போவதில்தான் அட்வெந்து தொடங்குகிறது என்கிறார். நான் ஏற்கெனவே உலுக்கப்பட்டவன், எனக்கு இன்னும் உலுக்கல் எதற்கு என்று முதலில் கோபம் வந்தது. ஆனால் தொடர்ந்து வாசிக்கும்போது, அவர் உலுக்கச் சொல்வது என்னை இல்லை, எல்லாம் சரியாகவே இருக்கிறது என்று நடித்துக்கொண்டிருந்த ஓர் உலகத்தை என்று புரிந்தது. என் வருடத்தில் உடைந்தது உடைந்ததுதான் என்று ஒத்துக்கொள்ள அந்தக் கடுமை எனக்கு உதவியது. இரவில் மட்டும் இவரை எடுக்காதீர்கள், காலையில், தலை தெளிவாக இருக்கும்போது, ஒரு பக்கம் இரண்டு பக்கம் போதும். 1944 டிசம்பர் 8 அன்று சிறைக்குள்ளேயே தன் இறுதி வார்த்தைப்பாட்டை, அதாவது துறவற உறுதிமொழியைக் கொடுத்தவர், 1945 பிப்ரவரி 2 அன்று தூக்கிலிடப்பட்டார். குழந்தை இயேசுவைத் தேவாலயத்தில் ஒப்புக்கொடுத்த நாளாகச் சபை கொண்டாடும் நாள் அது. இதைத் தெரிந்துகொண்டு அவருடைய கிறிஸ்துமஸ் பக்கங்களை வாசிக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் எடையும் மாறிவிடுகிறது.

சி. எஸ். லூயிஸின் 'எ கிரீஃப் அப்சர்வ்ட்' அட்வெந்துப் புத்தகமே இல்லை, ஆனாலும் இந்தப் பட்டியலில் அதை விட முடியாது. மனைவி ஜாய் 1960 ஜூலையில் இறந்த பிறகு குறிப்பேடுகளில் எழுதியது, 1961-ல் என். டபிள்யூ. கிளார்க் என்ற புனைபெயரில் வெளிவந்தது. சிறிய புத்தகம், ஒரே மாலையில் முடித்துவிடலாம், ஆனால் முடிக்க வேண்டாம். நான்கு பகுதிகள், அட்வெந்தின் நான்கு வாரங்களுக்கு வாரம் ஒன்றாக வைத்துக்கொண்டால் சரியாக வரும், நான் அப்படித்தான் செய்தேன். துக்கம் இவ்வளவு தூரம் பயத்தைப் போலவே இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே என்று தொடங்குகிறார். விசுவாசத்தைப் பற்றி எவ்வளவோ எழுதி ஊரையே தைரியப்படுத்திய மனிதர், தேவைப்படும்போது கடவுளிடம் போனால் கதவு முகத்தில் அறைந்து சாத்தப்படுகிறது, உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம்கூடக் கேட்கிறது என்று எழுதுகிறார். இதை வாசித்தபோது எனக்கு அதிர்ச்சி இல்லை, நிம்மதிதான். ஜெபிக்க உட்கார்ந்தால் வாயே திறக்காத மாதங்கள் எனக்கும் இருந்தன.

பிறகு வரும் பகுதிகளில் அந்தக் கதவைப் பற்றி மறுபடி பேசுகிறார். அது இப்போது பூட்டியிருப்பதாகத் தெரியவில்லை என்கிறார். ஒருவேளை தன்னுடைய கதறலே தன் காதை அடைத்துவிட்டதோ, மூழ்குகிறவன் காப்பாற்ற வருகிறவரையும் பிடித்து இழுப்பதால்தான் அவனைக் காப்பாற்ற முடியாமல் போகிறதோ என்று யோசிக்கிறார். எந்த இடத்திலும் அது வெற்றியாக மாறுவதில்லை. மாறாததுதான் புத்தகத்தின் நேர்மை. இழப்பு நடந்து சில வாரங்களே ஆனவர்களுக்கு மட்டும் இதைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து, முதல் பகுதி ஆறாத பச்சைப் புண் போல இருக்கிறது. சில மாதங்கள் போகட்டும்.

போன்ஹோஃபரும் வெளியிலிருந்து திறக்கப்பட வேண்டிய கதவைச் சொல்கிறார், லூயிஸும் உள்ளேயிருந்து தாழிடப்பட்ட கதவைச் சொல்கிறார். இரண்டையும் ஒரே மாதத்தில் வாசித்ததால் எனக்குள் நீண்ட நாட்கள் இது ஓடிக்கொண்டிருந்தது. கதவின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதில் இருவருக்கும் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நாமாகத் திறக்க முடியாது என்பதில் இருவரும் ஒன்றுதான்.

வேதாகமத்தைப் பற்றி மதிப்புரை எழுதுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனாலும் வாசிப்பு அனுபவம் என்ற அளவில் சொல்ல நிறைய இருக்கிறது. அட்வெந்துக்கு ஏசாயா என்பது சபையின் பழைய வழக்கம். நான் நாற்பதாம் அதிகாரத்திலிருந்து தொடங்கினேன். 'என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்' என்ற அந்த முதல் வரி எங்கே நிற்கிறது என்பதைக் கவனித்தால் அதன் வலிமை கூடும். முப்பத்தொன்பதாம் அதிகாரம் எல்லாம் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்படும், ஒன்றும் மீதியாக இருக்காது என்ற தீர்க்கதரிசனமும் அதற்கு எசேக்கியா ராஜா சொல்லும் ஒரு பதிலுமாக முடிகிறது. அதற்கு அடுத்த வரி இது. நடுவில் எந்த விளக்கமும் கிடையாது. நாற்பத்திரண்டாம் அதிகாரத்தில் நெரிந்த நாணலை முறியாமலும் மங்கியெரிகிற திரியை அணையாமலும் இருப்பவர் வருகிறார். என் விசுவாசத்தின் அளவு இந்த ஆண்டு அந்தத் திரி அளவுதான். அதை ஊதிப் பெரிதாக்குவேன் என்று வசனம் சொல்லவில்லை, அணைக்க மாட்டார் என்று மட்டும் சொல்கிறது, எனக்கு அது போதுமாக இருந்தது.

சங்கீதங்களில் 88-ஐப் பலரும் தாண்டிவிடுகிறார்கள், ஆராதனைகளிலும் அது அபூர்வமாகத்தான் காதில் விழுகிறது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்கேயாவது ஓரிடத்தில் துதிக்குத் திரும்பிவிடும், பதின்மூன்றாம் சங்கீதம் 'கர்த்தாவே, எதுவரைக்கும்' என்று தொடங்கினாலும் பாட்டோடு முடிகிறது. 88 திரும்புவதே இல்லை. சிநேகிதரும் தோழரும் விலகிப்போனார்கள் என்று இருட்டிலேயே நின்றுவிடுகிறது. அப்படி ஒரு ஜெபத்தை யாரும் திருத்தாமல், கடைசியில் ஒரு அல்லேலூயா ஒட்டாமல், வேதத்துக்குள் விட்டு வைத்திருக்கிறார்கள். ஜெபிக்க முடியாத நாட்களில் அதை வாய்விட்டு வாசித்தாலே அது ஜெபம்தான். அதற்குப் பிறகு 130 வாசியுங்கள், விடியலுக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைப் பார்க்கிலும் அதிகமாய் என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது என்பது வரும். ஜாமக்காரன் விடியலை உண்டாக்குவதில்லை, தூங்காமல் இருக்கிறான், அவ்வளவுதான் அவனுடைய வேலை.

லூக்கா சுவிசேஷத்தின் முதல் இரண்டு அதிகாரங்களை மாதம் முழுக்க மெதுவாக வாசித்ததில் புதிதாகக் கண்ணில் பட்டவர் அன்னாள். பிரசங்கங்களில் சிமியோனுக்குப் பிறகு அவசரமாக ஒரு வரியில் வந்து போகிறவர். ஏழே ஆண்டுகள் கணவனோடு வாழ்ந்து, அப்புறம் எண்பத்து நான்கு வயதுவரை விதவையாக, தேவாலயத்தை விட்டு நீங்காமல் இருந்த பெண். மீட்பைக் காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசினாள் என்று லூக்கா எழுதுகிறார். அவளுடைய கணவன் திரும்பி வரவில்லை. இழந்தது இழந்ததாகவே இருக்க, அவள் கண் வேறொன்றைக் கண்டது. கிறிஸ்துமஸ் கதைக்குள்ளேயே இப்படியொரு நீண்ட துக்கம் உட்கார்ந்திருப்பதை இத்தனை வருடங்களில் நான் யோசித்ததில்லை.

இங்கிலாந்தைச் சேர்ந்த நார்விச் ஜூலியனின் வெளிப்பாடுகளைப் பற்றிக் கொஞ்சம். 1373 மே மாதம், முப்பது வயதில், சாகும் நிலையில் கிடந்தபோது கண்ட தரிசனங்களை எழுதி, பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் யோசித்து அதை விரிவாக்கியவர். ஆங்கிலத்தில் ஒரு பெண் எழுதி நம் கைக்கு வந்திருக்கும் மிகப் பழைய நூல் இதுதான். வாழ்த்து அட்டைகளில் அச்சடிக்கப்படும் 'எல்லாம் நலமாகும்' என்ற வரி இதில் இருந்து வந்தது. அட்டையில் பார்த்தால் எரிச்சல் வரும். புத்தகத்தில் பார்த்தால் வராது, ஏனென்றால் அந்த வாக்கு கிடைத்த உடனேயே அவர் கேள்வி கேட்கிறார்: ஆண்டவரே, உம்முடைய படைப்புகளுக்கு இவ்வளவு பெரிய தீங்கு நேர்ந்திருக்கும்போது எல்லாம் எப்படி நலமாகும்? நார்விச்சில் கொள்ளைநோய் மறுபடி மறுபடி வந்து போன காலம் அது, அவர் கேட்டது ஏட்டுக் கேள்வி கிடையாது. நீ புயலில் அகப்பட மாட்டாய் என்று ஆண்டவர் சொல்லவில்லை, நீ தோற்கடிக்கப்பட மாட்டாய் என்றுதான் சொன்னார் என்று பின்னால் ஓரிடத்தில் எழுதுகிறார். நடை பழையது, நடுப்பகுதி நீளம், சில தரிசனங்களில் ரத்தம் மிக விரிவாக வருகிறது, அந்த இடங்களை நான் வேகமாகக் கடந்துவிட்டேன். நவீன ஆங்கிலத்தில் உள்ள பதிப்பை எடுங்கள்.

இதெல்லாம் கனமாக இருக்கிறது, ஒரு கதை வேண்டும் என்கிறவர்களுக்கு மேரிலின் ராபின்சனின் 'கிலியட்' நாவல். 2004-ல் வந்து அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. எழுபத்தாறு வயது போதகர், இதய நோயால் நாட்கள் எண்ணப்பட்டவர், தன் சின்ன மகன் பெரியவனாகி வாசிக்கட்டும் என்று எழுதும் நீண்ட கடிதம்தான் நாவல் முழுக்க. அத்தியாயப் பிரிவுகள் இல்லை, எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், தூக்கம் வராத இரவுகளுக்கு அது பெரிய வசதி. கதையில் பெரிதாக ஒன்றும் நடக்காது. நண்பரின் மகன் ஊர் திரும்பும் பகுதியில் இருந்து கொஞ்சம் இறுக்கம் வருகிறது, அதுவரை பொறுமை வேண்டும். போகப்போகிறவர் இருக்கப்போகிறவரை நினைத்து எழுதும் புத்தகம் என்பதால், யாரையாவது இழந்தவர்கள் மறுபக்கத்துக் கடிதத்தைத் தாங்களே பெற்றதாக உணர்வார்கள். நான் உணர்ந்தேன். பல இடங்களில் அழுதேன், அந்த அழுகை வேறு மாதிரியானது, அடுத்த நாள் காலை தலை வலிக்காத அழுகை.

எப்படி வாசிப்பது என்பதிலும் ஒன்றிரண்டு சொல்கிறேன். துக்கத்தில் கவனம் நிற்காது, ஒரே பத்தியை நான்கு முறை வாசித்தாலும் உள்ளே போகாது, அது இயல்பானது. அந்த நாட்களில் யாராவது வாசிக்கக் கேட்பது எளிது. சங்கீதங்களும் ஏசாயாவும் ஒலிப் பதிவில் கேட்க மிக நன்றாக இருக்கின்றன, அவை எழுதப்பட்டதே காதுக்காகத்தான். லூயிஸும் ஒலிப்புத்தகமாக நன்றாக அமைகிறது. போன்ஹோஃபருக்கு மட்டும் அச்சுப் புத்தகமே சரி, முன்னும் பின்னும் புரட்டித் தேதிகளைப் பார்க்க வேண்டியிருக்கும், பென்சிலும் தேவைப்படும். சபையில் நான்கு ஞாயிறுகளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கம் இருந்தால், அன்றன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் டெல்ப் எழுதிய அந்த ஞாயிறின் தியானத்தை வாசிப்பது நன்றாகப் பொருந்தும். அப்புறம், எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் வாசிக்க முயல வேண்டாம். ஏசாயா, சங்கீதங்கள், இவற்றோடு மேலே சொன்னதில் ஒன்று என்று வைத்துக்கொண்டாலே நான்கு வாரம் நிறைந்துவிடும்.

பரிசாகக் கொடுக்க நினைப்பவர்களுக்கு: சமீபத்தில் இழந்தவர் என்றால் 'கிலியட்' கொடுங்கள், அல்லது ஒன்றும் கொடுக்காமல் அவரோடு உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு வாருங்கள். சில மாதங்கள் ஆனவருக்கு லூயிஸ். விசுவாசத்தின் மேலேயே கோபத்தில் இருப்பவருக்கும் லூயிஸ்தான், ஜூலியனைக் கொடுத்துவிடாதீர்கள், அவர் அட்டையில் பார்த்த வரியை நினைத்துக்கொண்டு திறக்கவே மாட்டார். வேலை, உடல்நலம், உறவு என்று வேறு வகையில் உடைந்த ஆண்டாக இருந்தால் போன்ஹோஃபர். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் பண்டிகை வெறுமையாக இருக்கிறது என்கிறவருக்கு டெல்ப்.

அட்வெந்து பாதி ஓடிவிட்டதே என்று நினைத்தால் பரவாயில்லை. போன்ஹோஃபரின் டிசம்பர் 24 கடிதத்தை அதே நாள் மாலையில் வாசிக்கலாம், சில பக்கங்கள்தான். கிறிஸ்துமஸ் காலம் ஜனவரி 5 மாலை வரை போகிறது, அவருடைய புத்தாண்டுக் கவிதையும் அன்னாளும் அந்த நாட்களுக்குத்தான் உரியவர்கள். டெல்பின் கடைசித் தியானங்களை பிப்ரவரி 2 வரை வைத்துக்கொண்டு மெதுவாக முடிக்கலாம்.